கால் முந்திப் பிறந்தவள்

நான் கால் முந்திப் பிறந்தவள். தலை வர வேண்டிய வழியில் முதலில் என் பாதம்தான் எட்டிப் பார்த்ததாம். அம்மா அன்றைக்குப் பிழைத்ததே பெரிய காரியம். ஆனால் ஊரில் அதை யாரும் பேசவில்லை. என் காலைத்தான் பேசினார்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். இளையவர்கள் யாராவது தவறிப்போய்ப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். கால் முந்திப் பிறந்த பிள்ளையின் காலுக்கு முதுகுப் பிடிப்பையும் இடுப்புச் சுளுக்கையும் எடுக்கிற சக்தி உண்டு என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வலிக்காரர் குப்புறப் படுக்க வேண்டும். பிள்ளை காலையில் பல் விளக்கும் முன்பு, வெறும் வயிற்றோடு வந்து, இடது குதிகாலால் முதுகை மேலிருந்து கீழாக மூன்று தரம் நீவிவிட்டுக் கடைசியில் லேசாக ஓர் உதை உதைக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். இதற்குக் காசு வாங்கக் கூடாது. வாங்கினால் காலில் உள்ள மருந்து போய்விடும்.

குடுமியான்மலைக்குப் போகும் பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். உங்களில் யாராவது அந்தப் பக்கத்துக்காரராக இருந்து, சின்ன வயதில் உங்கள் அப்பாவையோ சித்தப்பாவையோ கைத்தாங்கலாக ஒரு வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போயிருந்தால், அவர் முதுகில் ஏறி நின்ற பாவாடைக்காரி நான்தான். இப்போது மாடிப்படியைக் கண்டாலே எனக்குப் பெருமூச்சு வருகிறது. தபால் ஆபீஸில் முத்திரை குத்திக் குத்தி மணிக்கட்டு போய்விட்டது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அது பாதி உண்மை. முன்பெல்லாம் கல்யாண வீட்டில் பார்த்துக்கொண்டால் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்போம். இப்போது எந்த முழங்கால் என்று கேட்கிறோம். பேச்சை மாற்றலாம் என்றால், மாற்றிப் பேச வேறு என்ன இருக்கிறது நம்மிடம்?

அந்தக் காலை நேரங்கள் இன்னும் மூக்கில் இருக்கின்றன. சாணி தெளித்த வாசல், வேப்பங்குச்சி வாடை, பக்கத்து வீட்டில் சுள்ளி புகைகிற நெடி. கோரைப்பாயில் யாராவது கிடப்பார்கள். மாட்டு வியாபாரியின் முதுகு அகலம், அதில் ஏறினால் எனக்கு இறங்க மனம் வராது. பஸ் கண்டக்டர் காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்வார். மீமிசலிலிருந்து பஸ் மாறி மாறிக் கருவாட்டுக் கூடையோடு வரும் அம்மாள், கூடையை இறக்கி வைத்துவிட்டுப் புடவையோடு அப்படியே குப்புற விழுவாள். அவள் மிதி வாங்கிக்கொண்டு போன அன்றைக்கு முழுக்க என் காலில் நெத்திலி மணக்கும். எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியாரும் ஒருநாள் வந்தார். காலையில் என் காலடியில் கிடந்தவர், பள்ளிக்கூடம் தொடங்கியதும் வாய்ப்பாடு தெரியவில்லை என்று என் உள்ளங்கையைப் பழுக்க வைத்தார்.

எல்லாரும் எழுந்து நின்று இடுப்பை இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பிப் பார்ப்பார்கள். பிறகு முகம் மலர்ந்து, "போயிருச்சுத்தா!" என்பார்கள். போகவில்லை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. காசுக்குப் பதில் கொய்யாப்பழம், பனங்கருப்பட்டி, சந்தை முறுக்கு ஏதாவது கைக்கு வரும்.

கூட்டத்தைக் கட்டி மேய்த்தது அத்தை. அப்பாவின் மூத்த அக்கா. புருஷன் செத்தபின் ஒரு டிரங்குப் பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவள். எங்கள் வீட்டுச் சாவி, அரிசிப் பானை, கொல்லை வேலை, யார் என்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பது என்பதுவரை அவள் கையில்தான். கொல்லை என்று நாங்கள் சொல்வது மழையை நம்பிக் கடலை போடுகிற செம்மண் புஞ்சையை. அத்தை அதில் ஆளோடு ஆளாக நின்று உழைப்பாள். அவள் முதுகும் பிடிக்கும். வாரத்துக்கு ஒரு தரமாவது நான் மிதிப்பேன். எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "எம் புள்ள காலு காலில்ல, மருந்து" என்று என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அவளை நான் பொய்க்காரி என்று சொல்லமாட்டேன். அவளுக்கு உண்மையிலேயே போயிருக்கும். மறுபடி வருவதற்குள் அவள் வேலைக்குப் போயிருப்பாள்.

ஊர் மருந்தான அந்தக் காலின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். சமதரையில் நடந்தாலே கணுக்கால் பிரளும். வீங்கும். இரண்டு நாள் நொண்டுவேன். அதே கால், இன்னொரு பக்கம், என் சொற்படி எப்படி வேண்டுமானாலும் வளையும். தூக்கிக் கழுத்துக்குப் பின்னால் போட்டுக்கொள்வேன். கைக் கட்டைவிரலை மடக்கி முன்கையின் உள்பக்கத்தில் ஒட்டவைப்பேன். சுண்டுவிரலைப் பின்னால் நிமிர்த்தி வைப்பேன். பள்ளிக்கூடத்தில் இடைவேளை விட்டால் என்னைச் சுற்றிக் கூட்டம். எனக்கு "ரப்பர்" என்று பெயர். சாயங்காலம் காலும் கையும் உள்ளுக்குள் கடுக்கும். சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள்.

"ஊருக்கெல்லாம் மருந்து ஒங் காலுதான். ஒனக்கு என்னடி வலி? ஒன் காலை நீயே மிதிச்சுக்க" என்பாள் அத்தை.

அம்மா மட்டும் சிரிக்கமாட்டாள். நான் விரலை வளைத்து விளையாடினால் கையைத் தட்டிவிடுவாள். ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து தன் கையை என் கையோடு சேர்த்து வைத்தாள். அவள் கட்டைவிரலும் என்னுடையது போலவே மடங்கி முன்கையில் ஒட்டியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நீயும் ரப்பராம்மா?"

"யார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றாள். "வளையிறப்ப நல்லாத்தான் இருக்கும். அப்பறம் அது பாட்டுக்குக் கழண்டுக்கும்."

அவளுக்குக் கழன்றுகொண்டுதான் இருந்தது. அதை அப்போது நான் வேறு கணக்கில் பார்த்தேன். அம்மா மற்றப் பெண்களைப் போல் பெரிய குடத்தை இடுப்பில் வைக்கமாட்டாள். அவளுக்கென்று ஒரு சின்னப் பித்தளைக் குடம் இருந்தது, வாய் ஓரம் நசுங்கியது. ஆளுக்கு ஒரு நடை என்றால் இவள் பல நடை நடக்க வேண்டியிருக்கும். கிழிந்த புடவைக் கரையை மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றியிருப்பாள். உட்கார்ந்து எழும்போது சுவரைப் பிடித்துச் சற்று நேரம் அப்படியே நிற்பாள், எதையோ உள்ளே சரி செய்துகொள்வது போல. ஊர்க்கண்ணுக்கு இதெல்லாம் சோம்பல். சொப்புக் குடம் தூக்குகிற மகராசி என்று அத்தை கிணற்றடியில் சொல்லிச் சிரித்தது எனக்குத் தெரியும். அந்தக் குடம் பிறகு எந்தப் பாத்திரக்காரனுக்குப் போனதோ தெரியவில்லை. நான் எவ்வளவோ தேடினேன்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் அது. ஆனியில் விதைக்கடலை உடைக்க உட்கார்ந்தார்கள். விதைக்கு என்றால் பருப்பு சேதமாகக் கூடாது. கடலையில் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்தி உடைக்க வேண்டும். நடு வீட்டில் மூட்டை அவிழ்ந்து கிடக்கும், பெண்கள் சுற்றி உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே உடைப்பார்கள். பட் பட் என்று ஒரே சத்தம். அம்மாவின் கட்டைவிரல் அழுத்தினால் கடலை உடையாது, விரல்தான் பின்னால் போகும். கொஞ்ச நேரத்தில் அவள் பல்லால் கடித்து உடைக்க ஆரம்பித்தாள்.

"விதையை எச்சப்படுத்துறா பாரு" என்றாள் அத்தை. கூடவே அந்தச் சொல்லையும் சொன்னாள். "வேலைக்கள்ளி."

பெண்கள் சிரித்தார்கள். அம்மா உடைத்த பருப்பை முறத்தில் தள்ளினாள். அந்தச் சொல் எங்கள் வீட்டில் அன்றைக்குக் குடியேறியது. அம்மா படுத்தால் வேலைக்கள்ளி. நின்றால் வேலைக்கள்ளி. அப்பா ஒருமுறை அவளைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினார். அவர் அங்கே இங்கே அமுக்கிப் பார்த்துவிட்டு, எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறது, ரத்தம்தான் கம்மி என்று சிவப்பாக ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அளவு மூடி எனக்கு விளையாட்டுச் சாமானாயிற்று. அத்தைக்கு அது சாட்சியாயிற்று.

"டாக்டரே ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாரு. இன்னும் என்ன?"

அப்பா கெட்டவர் இல்லை. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காவிடம் எதிர்ப்பேச்சுப் பேசிப் பழகாதவர். ஆவணியில் கொல்லையில் களை மண்டிக் கிடந்தது. கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. அம்மா பாதி வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று சாயங்காலம் மாட்டுக்கொட்டகையில் அத்தை அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் வைக்கோல் பக்கம் நின்று கேட்டேன்.

"இவளை வச்சுக்கிட்டு நீ குடும்பம் பண்ண முடியாதுடா. அவ அண்ணனை வரச் சொல்லு. கூட்டிட்டுப் போகட்டும். ஒனக்கு ஒண்ணும் வயசாயிறல, நாலு எடத்துல கேட்டா பொண்ணு இல்லாமயா போயிரும்?"

"புள்ள இருக்கேக்கா."

"புள்ள நம்ம புள்ள. அவ எதுக்குப் போறா?"

அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே இருந்தார். அம்மா போய்விடுவாள், நான் இங்கேயே இருக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

எனக்கென்ன பயம், என்னிடம்தான் மருந்து இருக்கிறதே. மறுநாளிலிருந்து காலையில் அத்தை பால் கறக்கப் போன சமயம் பார்த்து அம்மாவைக் குப்புறப் படுக்கச் சொல்லி மிதித்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. "மெதுவாடி" என்பாள். முடிந்ததும் நான் குனிந்து அவள் முகத்தைப் பார்ப்பேன். "எதமா இருக்கு" என்பாள். ஊரே சொல்கிற அந்த ஒரு சொல்லை அவள் மட்டும் சொல்லவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. நான் ஏதோ தப்பாக மிதிக்கிறேன் என்று நினைத்துக் குதிகாலைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

அத்தைக்கு இது தெரிய வந்தது. அவள் கோபப்படவில்லை. யோசித்தாள். அவள் யோசனையில் ஒரு குறையும் சொல்ல முடியாது, அடிப்படை சரியாக இருந்திருந்தால். ஊரில் அத்தனை பேருக்கும் இந்தக் கால் பட்டு வலி போகிறது. இவளுக்கு மட்டும் போகவில்லை. அப்படியானால் இவளுக்கு வலியே இல்லை. இல்லாத வலி எப்படிப் போகும்? டாக்டர் பார்த்ததைவிட இது பெரிய பரிசோதனை அவளுக்கு. ஊர்ப் பெண்களும் ஒத்துக்கொண்டார்கள். நானே கொஞ்சம் ஒத்துக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், ஆவுடையார்கோவில் பக்கம் விவசாயம். தலைத்துண்டை மடியில் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டிலும் வசதி கிடையாது, கட்டிக் கொடுத்த தங்கை திரும்பி வந்தால் அவர் பெண்டாட்டி எப்படி வைத்துக்கொள்வாள் என்பது எல்லாருக்கும் தெரியும். அம்மா கதவோரம் நின்றாள். அப்பா தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணும் அநியாயம் பேசல" என்று அத்தை ஆரம்பித்தாள். "வலி வலின்னு படுத்துக்கிட்டா எப்படிங்க? வீட்டுலயே மருந்து இருக்கு. நீங்களும் இருக்கீங்க, ஒங்க கண்ணு முன்னாடியே புள்ள மிதிக்கட்டும். வலி நெசம்னா போயிரும். நாளைக்குக் கொல்லைக்கு வரட்டும், நான் தலையில தூக்கி வச்சுக்கிறேன். போகலைன்னா அது வலியில்ல, கள்ளம். நீங்க கையோட கூட்டிட்டுப் போயிருங்க."

மாமா தொண்டையைச் செருமினார். "மாப்ள என்ன சொல்றீங்க?"

அப்பா, "அக்கா சொல்றது…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"செரி" என்றாள் அம்மா. "அண்ணே, நீங்க காபி குடிங்க."

மறுநாள் காலையில் நடந்தது. மாமா அதற்காகவே தங்கினார். வாசலில் கோரைப்பாய் விரித்தார்கள். எதிர்வீட்டுப் பெண்கள் விளக்குமாற்றோடு வந்து நின்றுவிட்டார்கள். அம்மா வந்தாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குப்புறப் படுத்தாள். நான் மனசுக்குள் ஊரில் உள்ள எல்லாச் சாமியையும் கும்பிட்டுக்கொண்டு குதிகாலை வைத்தேன்.

"நல்லா அழுத்தி மிதிடி" என்றாள் அத்தை.

அழுத்தினேன். அம்மா போகக் கூடாதே என்று உடம்பின் பாரம் முழுவதையும் அந்தக் காலில் இறக்கினேன். மற்றவர்கள் முதுகு பலகை மாதிரி இருக்கும். அம்மாவின் தோள்பட்டையில் என் குதிகாலுக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. வழுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகப் போயிற்று. அவள் விரல்கள் பாயின் ஓரத்தைப் பிடித்தன, ஓரக்கோரை பிரிந்து வந்துவிட்டது. சத்தம் எதுவும் வரவில்லை. நான் மூன்று தரம் நீவி, உதைத்துவிட்டு இறங்கினேன்.

அம்மா இடது கையை ஊன்றி எழுந்தாள். முடி அவிழ்ந்து கிடந்தது. கொண்டை போட அவள் கையைத் தூக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. மாமா, அப்பா, அத்தை எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் எப்படி நின்றேனோ, என்ன முகத்தோடு நின்றேனோ தெரியாது.

"போயிருச்சு மதினி" என்றாள்.

வாசல் முழுக்க ஒரே கலகலப்பு. நான் குதித்தேன். பெண்கள் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். அத்தைக்கும் உண்மையான சந்தோஷம்தான், கண் கலங்கிவிட்டது. "இத்தனை நாளு இந்த மருந்தை வச்சுக்கிட்டே கஷ்டப்பட்டியேடி" என்று அம்மாவின் தோளைத் தட்டினாள், அந்தத் தோளையேதான். மாமா நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார். அம்மாதான் பரிமாறினாள். இடது கையால் பரிமாறக் கூடாதே. வலது கையில் கரண்டியைப் பிடித்து, அந்த முழங்கையை இடது கையால் தாங்கிக்கொண்டு பரிமாறினாள். நாம் பெரியவர்களுக்குப் பணிவாகக் கொடுக்கும்போது பிடிப்பதுபோலவே இருந்தது. தங்கைக்கு எவ்வளவு மரியாதை என்று மாமா நினைத்திருப்பார். மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அம்மா கொல்லைக்குப் போனாள். புரட்டாசியில் கடலை பிடுங்கினார்கள். நானும் லீவு நாளில் செடியிலிருந்து கடலை ஆயப் போவேன். செடியை உதறும்போது எழும் செம்மண் வாசனை, பச்சைக் கடலைப் பால், கொல்லை மூலையில் சுள்ளி போட்டுச் சுடுகிற கடலை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அம்மா மற்றவர்களோடு வரிசையில் இருந்தாள், பின்தங்கவில்லை. ஒருநாள் தண்ணீர் குடிக்கக் கிணற்றுப் பக்கம் போனபோது அவளைப் பார்த்தேன். சுவரில் தோளை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதாம்மா?"

கண்ணைத் திறந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஒங் காலு பட்டதுக்கப்பறம் எனக்கு எங்கடி வலி?" என்றாள்.

நான் நம்பினேன். ஒன்பது வயதில் அதை நம்பாமல் எப்படி இருப்பது? பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னேன், எங்கம்மா வலியையும் நான்தான் போக்கினேன் என்று.

என் மிதி வைத்தியம் நான் பெரிய மனுஷி ஆனதோடு நின்றுபோயிற்று. ஆனபின் வலி என்னிடம் குடிவந்தது. முழங்கால், இடுப்பு, விரல். ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். அவள் என் காலை மடியில் போட்டுக்கொண்டு புடவைக் கரையைக் கிழித்துக் கணுக்காலில் சுற்றினாள். எப்படிச் சுற்றினால் நழுவாது என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள்கூட "நெசமாவா வலிக்குது?" என்று அவள் என்னைக் கேட்டதில்லை. பிறகு என் வாழ்க்கையில் அதைக் கேட்காதவர் யாரும் இல்லை. கட்டிக்கொண்டவர் கேட்டார், போஸ்ட்மாஸ்டர் கேட்டார், கட்டணம் வாங்கிக்கொண்டு டாக்டர்களும் கேட்டார்கள். எக்ஸ்ரே நார்மல், ரத்தம் நார்மல், எல்லாம் நார்மல். மனசை உற்சாகமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாத்திரங்களை எல்லாம் உருட்டினேன்.

அம்மா தனக்காக வாயைத் திறக்கவில்லை. எனக்காக ஒரே ஒருமுறை திறந்தாள். நான் எட்டாவது முடித்ததும் என்னைக் கொல்லை வேலைக்கு நிறுத்தலாம் என்று அத்தை சொன்னாள். அம்மா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவ கொல்லைக்கு வரமாட்டா மதினி. புதுக்கோட்டையில ஹாஸ்டல்ல சேக்கணும். அவ உக்காந்து பாக்குற வேலைக்குத்தான் போவா."

"பொட்டப்புள்ளைக்கு ஹாஸ்டலா?" என்றாள் அத்தை.

"ஆமா" என்றாள் அம்மா. அந்தக் குரலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. அப்பா அன்றைக்கு முதல்தடவையாக அக்கா முகத்தைப் பார்க்காமல், "சேத்துருவோம்" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து நான் பென்ஷன் வாங்குகிற இந்த வாழ்க்கை அங்கிருந்து வந்தது. அவளுக்கு நாற்காலி கிடைக்கவில்லை. கடைசிவரை களை வெட்டினாள், கடலை பிடுங்கினாள், அத்தை படுக்கையில் விழுந்தபோது அவளையும் தூக்கித் தூக்கிக் கழுவினாள்.

அம்மா செத்த அன்று ஊரே வந்திருந்தது. தலைமாட்டில் உட்கார்ந்து பெண்கள் சொல்லிச் சொல்லி அழுதார்கள். "ஒரு நாளு வலின்னு படுத்திருப்பாளா? மாடு மாதிரி ஒழைச்சாளே" என்றார்கள். வேலைக்கள்ளி என்று சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் வஞ்சகமாகச் சொல்லவில்லை. அந்தப் பேச்சையே மறந்துவிட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. நானும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு அழுதேன்.

போன வருஷம் என் மகளுக்குத் தோள் நழுவியது. சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவள், பஸ் கம்பியைப் பிடித்தபோது நழுவிவிட்டது. அங்கே ஒரு டாக்டர் அவள் விரல்களை வளைத்துப் பார்த்து, இது குடும்பத்தில் வருகிறது, அம்மாவையும் காட்டுங்கள் என்றாராம். நான் முடியாது என்றேன். திருச்சியில் ஒருவரிடம் வம்படியாக இழுத்துக்கொண்டு போனாள்.

இளவயது டாக்டர். என் கட்டைவிரலை மடக்கினார், முழுசாக வரவில்லை. வயதில் இறுகிவிடும் என்றார். "சின்ன வயசுல எப்படி இருந்தீங்க?"

"காலைத் தூக்கிக் கழுத்துல போட்டுக்குவேங்க" என்றேன். அவர் சிரித்தார்.

எலும்போடு எலும்பைச் சேர்த்துக் கட்டுகிற நார் என்று ஒன்று இருக்கிறதாம். தோலுக்கும் குடலுக்கும்கூட அதே சரக்குதானாம். எங்களுக்கு அது பிறவியிலேயே இளக்கம். கட்டு இளகியிருப்பதால் மூட்டு கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது, அதைப் பிடித்து நிறுத்தத் தசைகள் ஓயாமல் உழைத்துக் களைத்துப்போகின்றன. நாள்பட்டால், நழுவாத நேரத்திலும் நரம்பு வலியைச் சொல்லிக்கொண்டே இருக்கப் பழகிவிடுகிறது. அமுக்குவதும் மிதிப்பதும் ஆகாது, மெதுவாகத் தசையைப் பலப்படுத்த வேண்டும் என்றார்.

"எக்ஸ்ரேல தெரியாதும்மா. ஆனா வலி நெஜம்" என்றார்.

அறுபது தாண்டியபின் கேட்கிறேன் அதை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் கால் முந்திப் பிறந்த கதையையும் சொன்னேன். இளக்கமான குழந்தைகள் வயிற்றுக்குள் திரும்பாமல் அப்படிப் பிறப்பதும் உண்டு என்று சொல்கிறார்கள், உங்கள் விஷயத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னது சரியானால், ஊர் மருந்து என்று கண்ணில் ஒற்றிக்கொண்டது என் நோயின் முதல் அடையாளத்தை. யாரைப் போய் நொந்துகொள்வது? எல்லாரும் செத்துப்போனார்கள்.

"ஒங்க அம்மாவுக்கு இந்த மாதிரி வலி உண்டா?" என்று கேட்டார்.

"அவங்களுக்கு ஒண்ணுமில்லைங்க, கடைசிவரைக்கும் நல்லாத்தான்…" பாதி சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் சொல்லிப் பழகிய வாய். மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இருந்துச்சுங்க" என்றேன். "தோளு, இடுப்பு, கைவிரலு எல்லாம். சாகுறவரைக்கும் இருந்துச்சு. போகவே இல்லை."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு, சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று அடுத்த கேள்விக்குப் போனார். மகள்தான் பதில் சொன்னாள்.